இப்ப என்ன ஓடுது?

திருச்சி தில்லைநகரில் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கூடும் டீக்கடையின் மாஸ்டர், எங்களை சினிமாக்காரர்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்ததும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "இப்ப என்ன ஓடுது?" என்பதுதான். வருகிற பதில்களும் அவருடைய சந்தேகத்தை வளர்க்கும்படியே இருக்கும். "ரெண்டாவது சாப்டர்லயே நிக்குது சார்." "அந்தக் குதிரைக்காரனைத் தாண்டவே முடியல." "நேத்து ராத்திரி மூணு மணிக்குக்கூட செத்தேன்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட அன்று மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னவர் முகத்தைப் பார்த்தார். சொன்னவர் ஆடிட்டர். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றி நிறையத் திருநீறு, கையில் மஞ்சள் பை. சாவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

நாங்கள் விளையாடுவது வீடியோ கேம். ஒரே ஒரு ஐடிப் பையனைத் தவிர எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. மனைவிமார்களுக்கு அலுத்துவிட்டது, பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே பால் வாங்கப் போகும் சாக்கில் வாரம் ஒருமுறை இங்கே கூடி, அவரவர் கேமைப் பற்றிக் கருத்து சொல்கிறோம்.

கருத்து என்றால் திட்டுதான். இந்த வட்டத்தில் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது: ஒரு கேமை இப்போது ஆடிக்கொண்டிருப்பவரிடமிருந்து அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. "அருமையான கேம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் அதை முடித்துவிட்டார், அல்லது இடம் போதாமல் அழித்துவிட்டார். இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையில் பொழுதுபோகாமல் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆடியவர் கட்டைவிரலைக் கீழே காட்டி, 'பரிந்துரைக்கவில்லை' என்று அறிவித்திருப்பார். எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதையும் கடைக்காரன் இரக்கமே இல்லாமல் பக்கத்திலேயே போட்டிருப்பான்.

ஆடிட்டர் ஆடியது எல்டன் ரிங். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது, இயக்கியவர் ஹிடெடாக்கா மியாசாகி. அந்த மனிதரின் கேம்களைக் காசு கொடுத்து வாங்குவதே சாவதற்குத்தான். இருட்டுக் குகையிலிருந்து வெளியே வந்து பச்சைப்பசேலென்ற வெளியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறோம். மறு நிமிடமே பொன் கவசம் பூண்ட குதிரை வீரன் ஒருவன் எதிரே உலாத்திக்கொண்டிருக்கிறான். அவனோடு சண்டை போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வெட்டவெளி, எந்தப் பக்கமும் ஒதுங்கிப் போகலாம். ஊரே ஒதுங்கித்தான் போயிற்று. ஆடிட்டர் போகவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்ச ஐட்டத்தை விட்டுட்டு அடுத்த பக்கத்துக்கு எப்படி சார் போறது?" என்றார். தொழில் புத்தி. பிப்ரவரி, மார்ச், வருடக் கணக்கு முடிக்கிற மாதங்கள் இரண்டிலும் பகலில் கட்சிக்காரர்கள் அவரிடம் அடிவாங்கினார்கள், இரவில் அவர் குதிரைக்காரனிடம் அடிவாங்கினார்.

அவனைத் தாண்டியபின் கோட்டை வாசலில் மார்கிட் என்று இன்னொருவன் நின்றான். "சார், கம்பை ஓங்குறான். அடி விழப்போகுதுன்னு நாம உருள்றோம். அவன் அடிக்க மாட்டேங்கிறான். ஓங்கினபடியே நிக்கிறான். நாம உருண்டு முடிச்சு, எழுந்து, தூசி தட்டுறப்ப அடிக்கிறான். இது மோசடி இல்லையா?"

"விட்டுட வேண்டியதுதானே?"

"எப்படி விடுறது?"

"சரி, கேம் எப்படி?"

"குப்பை சார்."

உலகமெங்கும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற குப்பை அது. மாதக்கணக்கில் அதைக் கிளறி, கடைசியில் ஒரு ஞாயிறு ஆடிட்டர் வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. டீயைக்கூடத் தொடவில்லை. "முடிச்சிட்டேன்" என்றார். "அது கேமே இல்ல சார், கலை." எங்களில் பலர் அன்று அவர் பேச்சை நம்பி அதை வாங்கினோம். 2024 ஜூனில் அதன் கூடுதல் பகுதி வந்தது. அடுத்த ஞாயிறு ஆடிட்டர் கண் சிவந்து வந்து உட்கார்ந்தார். "எப்படி சார் இருக்கு?" "குப்பை."

இந்த வட்டத்தில் வெற்றி என்பது சாதாரண விஷயம் இல்லை. எப்படி வென்றாய் என்று குறுக்கு விசாரணை உண்டு. எல்டன் ரிங்கில் ஒரு வசதி இருக்கிறது. நம்மைப் போலவே உருவம், அதே உடை, அதே ஆயுதம் கொண்ட ஓர் ஆவியை வரவழைத்துச் சண்டைக்கு முன்னே அனுப்பலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் ஒரு பெரிய எதிரியை முடித்தேன் என்று வெள்ளந்தியாகச் சொன்னார். மேஜையில் பேச்சு நின்றது. ஆடிட்டர்தான் தீர்ப்புச் சொன்னார்: "அப்ப அது கூட்டு வியாபாரம் சார். ஐம்பது சதவீதம்தான் உங்க கணக்குல வரும்."

ஐடிப் பையனின் கதை இன்னும் உருக்கமானது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மூன்று பேர் முக்கியமாக இருந்து செய்த ஹாலோ நைட் என்ற கேமின் பக்தன் அவன். அதன் அடுத்த பாகமான சில்க்சாங் வரப்போகிறது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அப்போது அவன் கல்லூரி மாணவன். பிறகு அவனுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, குழந்தையும் பிறந்தது. இவை எல்லாம் ரிலீசான பிறகுதான், 2025 செப்டம்பர் 4 அன்று சில்க்சாங் ரிலீசானது. வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே சற்று நேரம் முடங்கிப்போனது. ஆறரை வருடம் தவம் இருந்து வாங்கியவனிடம் அந்த வார இறுதியில் ஆவலாகக் கேட்டோம். "ரொம்ப ஓவரா அடிக்கிறாங்க சார். ஒரு அடிக்கு ரெண்டு உயிர் போகுது. செத்தா திரும்ப அவ்வளவு தூரம் ஓடி வரணும். மனுஷன் ஆடுவானா இதை?" உலகம் முழுக்க இதே முனகல் கேட்டிருக்கும் போல. செய்தவர்களே சில நாளில் ஆரம்பக் கட்டத்துப் பெரிய எதிரிகள் இருவரைக் கொஞ்சம் சாதுவாக்கி ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். பையனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். கோபித்துக்கொண்டான். "நான் அதுக்கு முன்னாடியே அவங்களை அடிச்சிட்டேன் சார், அதை எங்க போய்ச் சொல்றது?" பழைய சிலபஸில் பாஸ் பண்ணியவர்கள் புதிய சிலபஸ்காரர்களைப் பார்க்கும் பார்வையை அன்று அவனிடம் பார்த்தேன்.

எங்கள் வட்டத்துப் பல் டாக்டர் எந்த கேமைப் பற்றியும் முழுக் கருத்து சொன்னதில்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். டாக்டர் எதையும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எல்லா கேமிலும் ஆரம்பம் அவருக்கு அத்துப்படி. ஒன்றே ஒன்று அவரிடம் தங்கிவிட்டது. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3. அதில் கதை தொடங்குமுன் நம் கதாபாத்திரத்தின் முகத்தை நாமே வடிவமைக்க வேண்டும். டாக்டர் முக அமைப்பில் உட்கார்ந்தார். தாடை சரியில்லை, நெற்றி ஒத்துவரவில்லை என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. ஆட்டத்தில் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் முழு விலைக்கும் சொந்தக்காரர் ஆனார்.

வங்கி அதிகாரி வேறு ரகம். அவர் திட்டுவதே இல்லை. 2018 அக்டோபரில் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமை அவர் இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறார். 1899-இல் நடக்கும் அமெரிக்கக் கொள்ளைக்கூட்டக் கதை. நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். வங்கிகளைக் கொள்ளையடிக்கும் கும்பலில் வங்கி அதிகாரி சேர்ந்திருப்பதைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அவர் கொள்ளையடிப்பதும் இல்லை. குதிரைக்குத் தேய்த்துவிடுகிறார், தீவனம் வைக்கிறார், ஆற்றோரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது சாப்டரிலேயே நிற்பவர் அவர்தான். முடிவை யாரும் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். டாக்டரைத் தவிர நாங்கள் எல்லோரும் எப்போதோ முடித்துவிட்டோம், ஆனால் அவர் வந்ததும் அந்தப் பேச்சை நிறுத்திவிடுவோம். "எனக்கு ஹீரோ ஆர்தர் மேல ஒரு நம்பிக்கை இருக்கு சார். கெட்டவன் இல்ல. நிலம் நீச்சு வாங்கி செட்டிலாயிடுவான்" என்று அவர் உற்சாகமாகச் சொல்லும்போதெல்லாம் ஆளுக்கொரு டீ கிளாசை எடுத்து உள்ளே பார்க்கிறோம். இந்தக் கட்டுரையை அவர் படிப்பார் என்பதால் இதற்குமேல் எழுதுவதற்கில்லை.

ஆக, ஆடுகிறவரிடம் கேட்டால் அவருடைய கஷ்டமோ ஆசையோதான் தெரியவரும். கேம் எப்படி என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவரைக் கேட்க வேண்டும். இது எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டி இருந்தது. அதில் 'முஸ்தபா' என்று ஒரு கேம். கேப்காம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த அதன் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் யாருக்கும் புரிந்திருக்காது. அதில் ஆடக் கிடைக்கும் நான்கு பேரில் மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாதான் வேகமானவன், அதனால் கேமுக்கே அவன் பெயர். காசு போட்டவன் ஒருவன் ஆட, காசில்லாத ஏழெட்டுப் பேர் பின்னால் நின்று கருத்து சொல்வோம். "எகிறி மிதிடா!" "லைஃபை எடு, லைஃபை எடு!" காசில்லாதவனிடம்தான் யோசனை அதிகம் இருக்கும். அவன் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. டிவியில் கேசட் போட்டு கான்ட்ரா ஆடிய வீடுகளில் மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம் என்று ஒரு மந்திரம் சுற்றியது, சரியாகப் போட்டால் 30 உயிர். அதை முதலில் உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்கையில் தன்னாலேயே ஆட முடியவில்லை என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி. எங்கள் டீக்கடையில் இடம் போட்டு வைத்திருக்க வேண்டிய மனிதர்.

இப்போது பின்னால் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். எங்கள் மன்னார்குடிக்காரர் திருச்சியில் என்ஜினியர். ஊரில் அப்பா நெல் போடுகிறார். மகன் ஊருக்குப் போனால் வரப்பில் இறங்குவது கிடையாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்டார்டியூ வேலியில் மும்முரமான விவசாயி. எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலு வருடத்துக்கு மேல் தனி ஆளாக உட்கார்ந்து படம், பாட்டு, கதை, நிரல் எல்லாம் தானே செய்து 2016-இல் வெளியிட்டது. 4 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. கண் ஆபரேஷனுக்கு வந்து மகன் வீட்டில் தங்கியிருந்த பெரியவர், ஒற்றைக் கண்ணில் பச்சைத் துணி மறைக்க, மறு கண்ணால் டிவியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"என்ன போட்டிருக்கே?"

"பார்ஸ்னிப்புப்பா. நம்ம முள்ளங்கி மாதிரி."

"எத்தனை நாள் பயிர்?"

"நாலு நாள்."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு கணக்குக்கு வந்திருக்கிறார். விதை 20 காசு, விளைந்தது 35 காசு. "ஆள்கூலி?" "நானேதாம்பா எல்லாம்." "அதான் தெரியுதே. ரெண்டு பாத்தி கொத்துறதுக்குள்ள தள்ளாடுறே." விளைந்ததை மகன் வீட்டு வாசலில் இருந்த ஒரு பெட்டியில் போட்டார்.

"அது என்ன பொட்டி?"

"இதுல போட்டா ராத்திரி வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்கப்பா. காலையில காசு வந்துடும்."

பெரியவர் எழுந்து உட்கார்ந்தாராம். "யாரு எடுக்கிறது?" "ஊர்த் தலைவர்." "ஈரப்பதம் பார்க்க மாட்டானா?" "பார்க்க மாட்டாங்க." "பதினேழு சதவீதத்துக்கு மேல இருக்குன்னு திருப்பி அனுப்ப மாட்டான்?" "மாட்டாங்கப்பா." "சாக்கு இல்லேன்னு சொல்ல மாட்டான்?" "அப்படில்லாம் இல்லப்பா." "மூட்டைக்கு இவ்வளவுன்னு…" "இல்லப்பா." ரோட்டில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு மழையில் தார்ப்பாய் தேடி ஓடிய மனிதர். "எந்த ஊருடா அது?" என்று கேட்டாராம். பஸ் இருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்.

அவர் சொன்ன கருத்துகள் இன்னும் உண்டு. புதன்கிழமை விதைக்கடைக்கு விடுமுறை என்பதை ஒப்புக்கொண்டார். காக்கைக்கு வெருளி வைத்தது சரி. மழை பெய்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதும் சரி. 28 நாளில் பருவம் மாறி, பிடுங்காமல் விட்ட பயிர் எல்லாம் மறுநாள் காலை கருகி நின்றபோது மகன் தலையில் கை வைத்துக்கொண்டார், அப்பா மட்டும் திருப்தியாகத் தலையாட்டினார்: "பட்டம் தப்பினா அப்படித்தான். இவன் விவரம் தெரிஞ்சவன்." மாட்டைத் தினமும் தடவிக்கொடுத்தால் நல்ல பால் தரும் என்று மகன் விளக்கியதற்கு, "நம்ம வீட்டு மாட்டை ஒருநாள் வந்து தடவிப் பாரேன், அது என்ன தருதுன்னு பார்ப்போம்" என்றாராம். எல்லாவற்றையும் செய்தது ஒரே ஆள் என்று தெரிந்ததும் அவர் சொன்னதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. "ஒத்தை ஆளா? அதான். ஆள் கிடைக்காத கஷ்டம் இதுல எங்கயுமே வரல."

என் வீட்டில் பார்வையாளர் மாமனார். நான் ஆடிக்கொண்டிருந்தது பலாட்ரோ. பெயர் சொல்லிக்கொள்ளாத ஒரு கனடாக்காரர் செய்து 2024 பிப்ரவரியில் வந்தது. போக்கர் சீட்டை வைத்துக்கொண்டு புள்ளி சேர்க்க வேண்டும். முதல் சுற்றில் 300 புள்ளி எடுத்தால் போதும், போகப்போக லட்சங்கள் கேட்கும். 150 வகை ஜோக்கர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ஆளுக்கொரு குளறுபடி செய்து புள்ளியைப் பெருக்குவார்கள். காசு வைத்து ஆடும் பேச்சே கிடையாது. ஆனாலும் சீட்டைப் பார்த்ததும் ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தினார்கள். 2025-இல்தான் அதை 12 ஆக்கினார்கள். என் வீட்டில் இன்னும் 18-தான்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததல்லவா? அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு மாமனார் என் அறைக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். "மாப்ளே, தப்பா நினைச்சுக்காதீங்க. எவ்வளவு போயிருக்கு? வெளிப்படையாச் சொல்லுங்க, பார்த்துக்கலாம்."

நான் அவரை உட்கார வைத்து, இதில் சல்லிக்காசு போவதும் இல்லை வருவதும் இல்லை என்று ஆடிக் காட்டினேன். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஏமாற்றம். "காசில்லாம சீட்டா?" என்றார். கல்யாண வீட்டு மாடிகளில் விடிய விடிய ரம்மி ஆடிய கை அது. போய்விடுவார் என்று பார்த்தால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் கையிலிருந்த ஐந்து ராஜாக்களை ஒன்றாக இறக்கினேன்.

"நில்லுங்க. ஒரு கட்டுல எப்படி மாப்ளே அஞ்சு ராஜா?"

"ஒரு ராணியை ராஜாவா மாத்திட்டேன் மாமா. இதுல அப்படிச் செய்யலாம்."

"யாருக்கும் தெரியாமலா?"

"தெரிஞ்சேதான். அதுதான் ஆட்டமே."

நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல இதுக்குக் கையை ஒடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தார். அந்த ராணியை மாற்றியது மட்டும் போதாது, ஐந்தையும் ஆட்டினாக்கியிருந்தால் இன்னும் பெரிய கை விழுந்திருக்கும் என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அம்மாவுக்கு நான் போட்டுக் காட்டியது வெண்பா. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பம், 1988-இல் தொடங்கும் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வெண்பா சமைக்கிறாள். ஏட்டில் மை அழிந்திருக்கும், பக்கம் கிழிந்திருக்கும். விட்டுப்போனதை ஆடுகிறவர் ஊகிக்க வேண்டும். முதலில் இட்லி. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "இட்லிக்கு எதுக்குடா புஸ்தகம்?" என்று ஆரம்பித்து, தட்டை எப்படி அடுக்குவது என்று நான் யோசித்த இடத்தில், "குழி மேல குழி வெக்காதே, மேல் தட்டு இட்லியில ஒட்டும்" என்று நிமிராமலே சொல்லி என்னை ஜெயிக்க வைத்தார். (ஆடிட்டர் இதே இட்லியில் தோற்றார். மார்கிட்டைவிட இட்லி மோசம் என்று டீக்கடையில் அறிக்கை விட்டார்.) ஒரு சினிமா ஓடும் நேரம்கூட ஆகாமல் கேம் முடிந்துவிட்டது. பீன்ஸ் நறுக்குவது நடுவிலேயே நின்றிருந்தது. "வெண்பாவோட பையன் இனிமே ஒழுங்கா ஃபோன் பண்ணுவான்ல?" என்று அம்மா கேட்டார். பண்ணுவான் என்றேன். 2024-இல் இந்த கேமுக்கு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்ததையும் சொன்னேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். முடிந்துவிட்டதால் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் அண்ணி கேம் ஆடுவதில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வார். கேண்டி க்ரஷில் ஆயிரக்கணக்கான கட்டங்களைத் தாண்டியிருக்கிறார். ஐந்து உயிரும் போய்விட்டால் அடுத்த உயிருக்கு அரை மணி நேரம் ஆகும், அந்த வீட்டில் சமையல் அந்த அரை மணி நேரத்தில்தான் நடக்கிறது. "இது கேமா? சும்மா, தூக்கம் வர்றதுக்கு" என்பது அவர் கருத்து.

கடைசியாக என் சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையரானவர். ஒரு வளைகாப்புக்காக வந்திருந்தார். என் மகன் டேப்பில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஆடிக்கொண்டிருந்தான். 2017-இல் இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் வெளியிட்டது. அந்த நாட்டுச் சாலைகள், அந்த நாட்டுப் பேருந்துகள். ஆனால் வண்டியின் உருவத்தை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜகார்த்தா ரோட்டில் நம் அரசு பஸ்ஸும், பூமாலை போட்ட பிரைவேட் பஸ்ஸும் இன்று சர்வசாதாரணமாக ஓடுகின்றன. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது வசதியாகப் போயிற்று. பஸ்ஸைப் பார்த்ததும் கைகாட்டி, பாட்டு ஹாரன் அடிக்கச் சொல்லிக் கெஞ்சும் பிள்ளைகள் அந்த ஊரிலும் உண்டு. அந்த ஹாரனும் கேமில் இருக்கிறது.

மகன் அந்த ஹாரனை அடித்ததும்தான் சித்தப்பா திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா அது?"

"ஜகார்த்தா தாத்தா."

"நம்ம வண்டி எப்படி அங்க போச்சு?" என்றவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கருத்துகள் ஆரம்பித்தன. வளைவில் ஏன் ஆக்சிலேட்டரை மிதிக்கிறாய்? முன்னால் லாரி பிரேக் போட்டது தெரியவில்லையா? இப்படி ஓட்டினால் கேஎம்பிஎல் எப்படி வரும்? டீசல் யார் வீட்டுக் காசு? மகன் வெறுத்துப்போய், "நீங்களே ஓட்டுங்க தாத்தா" என்று டேப்பைக் கொடுத்துவிட்டான்.

சித்தப்பா சம்மணம் போட்டு, டேப்பை இரு கையாலும் பிடித்தார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தார். வண்டி நகரவில்லை.

"தொடுங்க தாத்தா, போகும்."

"விசில் வரலையே."

கண்டக்டரே இல்லாத வண்டி அது என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விசில் இல்லாமல் வண்டி எடுத்து அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் அவனே பக்கத்தில் நின்று வாயால் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி கிளம்பியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், இடது ஓரமாக, குறுக்கே வந்த ஒவ்வொரு காருக்கும் வழிவிட்டு, ஜகார்த்தா நகரம் அதுவரை பார்த்திராத மரியாதையோடு போயிற்று.

பந்தி போட்டுவிட்டார்கள் என்று என் மனைவி வந்து கூப்பிட்டபோது சித்தப்பா வியர்த்திருந்தார். "ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. கண்டவன் குறுக்க வரான். பிரேக் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. என்னத்த வண்டி செஞ்சிருக்கான், குப்பை" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதை அவன்கிட்ட குடுத்துட்டு வாங்க மாமா, சாப்பாடு ஆறுது."

"பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துடறேம்மா. ஆளுங்க உள்ள இருக்காங்க."